வீட்டுப் படத்தில் ஒரு முகம் குறைவு

போன வியாழக்கிழமை காலை நான் வீட்டில் இல்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் இது செய்திதான். உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அப்பா, அம்மா, தங்கச்சி, நான் – நான்கு பேரும் வரிசையாக நிற்கிறோம். அம்மாவின் கையில் வீட்டு இலக்கம் எழுதிய சிலேற்றுப் பலகை. ஸ்டூடியோவில் எடுத்த படம் அல்ல. இராணுவம் வீடு வீடாக வந்து எடுத்த படம். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு எங்களை எண்ணுவார்கள்.

படத்தில் இருக்கிற முகம் வீட்டில் இல்லையென்றால்…? எங்கே போனான், யாரோடு போனான், எப்போது போனான்? பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் நிற்கிறவர்கள். குறைகிற முகம் ஒரு இளம் பெடியனுடையது என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் அன்று கொழும்பில் நின்றேன். விசா எடுப்பதற்கு.

ஓம், இடம் கிடைத்துவிட்டது! தென்கிழக்காசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் சீனவியல் துறையில் ஒரு வருடத்துக்கு வருகைதரு ஆய்வாளர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

உனக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. தெற்கே காலி நகரத்தில் கண்டெடுத்த ஒரு பழைய கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். அத்தனை தூரத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் எங்கள் மொழியையும் மதித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் எழுத்தை எங்களில் ஒருவனாவது வாசிக்க வேண்டாமா? அந்த எண்ணம்தான். முதுமாணி (எம்.ஏ.) படிப்புக்காகக் கொழும்பில் இருந்த காலத்தில் பின்னேர வகுப்பில் சீனம் படித்தேன். இப்போது இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர்.

எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு எழுதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலாநிதி (பிஎச்.டி.) பட்டம் முடித்தவர்களுக்கு என்று தனியான ஆய்வுப் பதவிகள் இருக்கின்றன. முடிக்காத என்னைப் போன்றவர்கள் வருகைதரு ஆய்வாளராகப் போகலாம். சீனராகப் பிறந்திருக்கத் தேவையில்லை. ஓர் ஆய்வுத் திட்டம், நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை, பேராசிரியர்கள் இருவரின் சிபாரிசு. அவ்வளவுதான் கேட்பார்கள்.

அவ்வளவுதானா? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் யார் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் வேண்டாமா? பக்கத்தில் இருக்கிற கந்தளாய் வரை போய்வர இதைவிடக் கூடுதலான கடதாசி காட்டுகிற ஊர் எங்களுடையது!

அம்மாவுக்கு அதைவிடச் சந்தேகம்.

“எல்லாத்தையும் வை தம்பி. ஒண்டு குறைஞ்சாலும் திருப்பி விட்டுடுவாங்கள்.”

வைத்தேன். கிராம சேவகரின் உறுதிப் பத்திரம், பொலிஸ் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, அப்பாவின் துறைமுகப் பாஸின் பிரதி… கடைசியாக, சுவரில் தொங்கிய படத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். ஆய்வுத் திட்டம் ஐந்தாறு பக்கம். நான் நான்தான் என்று நிரூபித்த பக்கங்கள் அதைப் போல இரண்டு மடங்கு.

சில வாரங்களில் பதில் வந்தது. தொலைபேசியில் நேர்முகம், வெள்ளிக்கிழமை பின்னேரம்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. சந்தியில் இருக்கிற ரவூப் நானாவின் கொமினிக்கேசன் கடைதான் எங்கள் எல்லோருக்கும் தொலைபேசி. வெளிநாட்டு அழைப்பு அங்கேதான் வரும். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே உட்காருகிற வாங்கு நிறையப் பெண்கள் காத்திருப்பார்கள். கட்டாரிலும் சவூதியிலும் அன்றுதான் லீவு.

இருப்பது ஒரே ஒரு லைன். நான் அதில் அரை மணித்தியாலம் நின்றால் மற்றவர்களுக்கு அழைப்பு வராது. கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தார். கணவர் கட்டாரில். கிழமைக்கு ஒரு தடவைதான் கதைப்பாராம். நானா அவரிடம் விஷயத்தைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“நீங்க பேசுங்க தம்பி,” என்றார் அந்தப் பெண். “லைன் கிடைக்கும் வரைக்கும் எடுத்து எடுத்து அவருக்குப் பழக்கம்.”

மணி அடித்தது. மறுமுனையில் ஒரு பேராசிரியை. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். சீனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். அவருடைய முதல் கேள்வி இது:

“இந்தப் படத்தில் உங்கள் தாயார் ஏன் ஒரு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?”

எனக்கு அந்த வாங்கில் போய் இருந்துவிடலாம் போலிருந்தது. கேட்காததை அனுப்பிக் கெடுத்துவிட்டேனே! தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். படம், இலக்கம், எண்ணுவது, எல்லாம். பேராசிரியை அடுத்ததாகக் கேட்டார்:

“அப்படியென்றால், நீங்கள் இங்கே வந்தால் அங்கே ஒருவர் குறைவாரே?”

விண்ணப்பிக்க நினைத்த நாளிலிருந்து நான் விழுங்கி வைத்திருந்த கேள்வி அதுதான். வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அங்கே நூலகத்தில் இருக்கும்போது, இங்கே அம்மா யாருக்கு என்ன பதில் சொல்லுவார்? அம்மா சமாளிப்பார் என்று மட்டும் சொன்னேன். என் காதுக்கே அது பதிலாகப் படவில்லை.

பிறகு கல்வெட்டுப் பக்கம் வந்தார். நான்கு வரி சீனத்தில் வாசிக்கச் சொன்னார். பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானா கிட்ட வந்து காதுக்குள் சொன்னார்:

“தம்பி, மெதுவா. வெளிய ஆமி சென்ட்ரி நிக்கிது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன். நான் ரிசீவரை வைத்துக் கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடித்தது. கட்டார்! அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தெரிவாகிவிட்டேன் என்ற கடிதம் வந்த உறைக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. நான் கேட்காத கடிதம். பல்கலைக்கழகத்தின் தலைப்புத் தாள், கீழே சீன எழுத்தில் சிவப்பு முத்திரை. கூடவே எங்கள் வீட்டுப் படம், என் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: வட்டமிட்ட இளைஞர் எங்கள் ஆய்வாளர். அதற்கான பயணத்தாலும் வேலையாலும் அவர் வீட்டில் இல்லாத நாட்களுக்கு நாங்கள் பொறுப்பு. அவர் எங்கே என்பதை எங்களிடம் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம்.

அம்மா இரண்டையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

வியாழக்கிழமை சோதனைக்கு வந்தார்கள். எண்ணினார்கள். ஒன்று குறைவு. அப்பா நின்றார், தங்கச்சி நின்றாள். இப்படியான நேரத்தில் எங்கள் பக்கத்தில் பெண்கள்தான் கதைப்பார்கள். அம்மா ஆணியிலிருந்து கடிதத்தைக் கழற்றி, வட்டத்தில் விரலை வைத்து, “சீனம் படிக்கப் போறார் மாத்தையா. விசாவுக்குக் கொழும்புக்குப் போயிருக்கிறார்,” என்றிருக்கிறார். சின்னச் சிப்பாய் முத்திரையைப் பார்த்து முழித்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் முழுவதையும் வாசித்திருக்கிறார். அம்மாவின் கணக்கில் அது ஒரு யுகம். பிறகு “ஹொந்தாய்”, சரி என்று சிங்களத்தில் சொல்லி, தானே அதைத் திரும்ப ஆணியில் மாட்டி, சரிவையும் நேராக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கியதும் இவ்வளவையும் சொல்லி முடித்த அம்மா, குசினிக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நெத்தலிக் கருவாடு.

“போன உடன, கடிதம் தந்த அந்த மனிசிக்கு இதைக் குடு. படிப்பைப் பிறகு பார்.”

விண்ணப்பிக்கிறவர்களுக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களும் சொல்லுகிற அறிவுரை ஒன்றுதான்: கேட்டதை மட்டும் அனுப்புங்கள். அதை அழுத்திச் சொல்லத்தான் இந்தக் கிழமை பேனாவை எடுத்தேன்…

என் பெட்டியில் இப்போது ஒரு கிலோ கருவாடு இருக்கிறது. அதையும் அவர்கள் கேட்கவில்லை.