சித்தப்பா அசையாமல் படுத்த நாள்

அவளிடம் கார் ஓட்டப் பழகவரும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பழக்கும் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் புண்ணியவதிகளை அந்தப் பிரேக்தான் முழுசாக வீடு கொண்டு சேர்த்திருக்கிறது. பழக்கதோஷம், பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனாலும் அவள் கால் தரையை அமுக்கும். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

வீட்டில் அவளும் சித்தப்பாவும் மட்டும். அப்பா போன பிறகு அவளையும் தம்பியையும் ஆளாக்கியவர் அந்த மனிதர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து அவள் பெயரையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது, ஆனால் உத்தியோகத்தை மட்டும் அதனால் பிடுங்க முடியவில்லை. காலையில் எழுந்ததும், "எங்கம்மா இறங்கணும்?" என்பார். "மார்க்கெட் ஒண்ணு குடுங்க" என்பாள். பழைய காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொலைத்துவிட்டால் அவ்வளவுதான், சாப்பிடக்கூட உட்கார விடமாட்டார்.

அவருக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள்.

"கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை" என்றார் டாக்டரம்மா. "ஒன்றரை மாசம் போல தினமும் கூட்டிட்டு வரணும். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செஞ்சு, அதை மேசையோட சேர்த்து மாட்டிடுவோம். ரூம்ல அவர் மட்டும்தான் இருப்பார், அசையவே கூடாது. போகப்போக தொண்டை புண்ணாகும், முழுங்கறது கஷ்டம். முழுசா குணமாகும்னு சொல்லமாட்டேன், கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம். வேண்டாம்னா வலி தெரியாம பார்த்துக்கலாம். அதுவும் வைத்தியம்தான். யோசிச்சு சொல்லுங்க."

வெளியூரில் இருக்கும் தம்பி போனில் குதித்தான். "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? நம்மள வளர்த்தவரு. சும்மா விட்டா நாம மனுஷங்களா?"

"நீ வந்து படுக்க வைடா" என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். அவள் விழுங்குவதென்றால் சும்மாவா! அவளுக்கும் அதே ஆசைதான். சித்தப்பா இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டுத் திறந்து நுழைவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூடிக்கு அளவெடுக்கும் நாளில் அவர் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கிவிட்டார். ஈரச்சூட்டோடு அந்த வலை முகத்தில் பட்டதும் பிய்த்து எறிந்தார். ஒரு ஊழியருக்கு நல்ல குத்து ஒன்று விழுந்தது. "இப்படின்னா செய்யவே முடியாதும்மா" என்றார் இன்னொருவர், கையைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. குனிந்து அவர் காதோரம் சொன்னாள். "சித்தப்பா, செக்கிங் ஏறிட்டாங்க."

அவ்வளவுதான். கை இரண்டும் தாமாகப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. கல் மாதிரி படுத்தார். ஊழியர்கள் அசந்துபோனார்கள். "என்ன மந்திரம்மா போட்டீங்க?" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு வரும்போதே தம்பியைக் கூப்பிட்டு, "படுத்துட்டாருடா! ஆரம்பிச்சிடலாம்!" என்று கத்தினாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. காலண்டர் தாள், மருந்துச்சீட்டு, செய்தித்தாள் என்று கிடைத்ததையெல்லாம் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். வாசல் மணி அடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "எல்லாருக்கும் குடுத்துட்டேன் சார். பின்னாடி நின்னவரை கூட்டத்துல பார்க்கல சார். வேணும்னு செய்யல சார்."

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். டிக்கெட் வாங்காத யாரோ ஒருவனுக்காக, காசை அமுக்கிவிட்டார் என்று சொல்லிச் செக்கிங் அதிகாரி சித்தப்பாவை நடுவழியில் இறக்கிவிட்ட கதை. அதிகாரியின் மீசையை நடித்துக்காட்டுவார். அவளும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இந்த நடுக்கத்தை மட்டும் அவர் சொன்னதே இல்லை. பாவி, அதைத்தானே தொட்டு எழுப்பிவிட்டாள்.

வீட்டிலேயே வேறு பொய்கள் சொல்லிப் பார்த்தாள். கட்டிலில் படுக்கவைத்து, முகத்தில் துணியைப் போட்டு, "முடி வெட்டறாங்க" என்றாள். தட்டிவிட்டார். "பஸ் டிப்போல நிக்குது, ரெஸ்ட் எடுங்க" என்றாள். எழுந்து உட்கார்ந்து டீசல் போட்டாச்சா என்று கேட்டார். பயம் ஒன்றுதான் அவரைக் கட்டிப்போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதை மறந்துவிட்டார், எதற்குப் படுத்தார் என்பதையும் மறந்துவிட்டார். பயத்தை மட்டும் மறக்கவில்லை. தினமும் இதைச் சொல்ல வேண்டும். ஒன்றரை மாதம்.

அவரைப் பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. "வேண்டாம் டாக்டர். படுக்கச் சொன்னா படுத்துக்குவார். ஆனா நான் அவரைத் திருடனா நிக்க வச்சாதான் படுப்பார். வலி மட்டும் தெரியாம பார்த்துக்கோங்க."

டாக்டரம்மா சரி என்றார். வலிக்கு மருந்தும், மென்மையாக என்ன கொடுக்கலாம் என்பதையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

தம்பி மட்டும் கேட்டான். "கைவிட்டுட்டியாக்கா?"

"ஆமான்னு நினைச்சா நினைச்சுக்கோ" என்றாள். "சீக்கிரம் போயிடுவார்னு எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. ஆனா நம்மள வளர்த்த மனுஷன் கதவோரம் நின்னு என்னை சார், சார்ங்கறாரு. அதைத் தினமும் செய்ய எனக்கு மனசு வரல."

வீட்டுக்கு வந்தபோதும் சித்தப்பா கதவோரம்தான் நின்றிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கண்டக்டர், செக்கிங் முடிஞ்சுது. எல்லாம் சரியா இருக்கு."

"பின்னாடி நின்னவர், சார்?"

"அவர்கிட்டயும் டிக்கெட் இருந்துச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த காகிதத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் கிளம்பலாமா சார்? வீட்ல புள்ளைங்க ரெண்டும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கும்."

அவள் குனிந்து, விழுந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"கிளம்புங்க" என்றாள்.