ஓசி வண்டியும் ஒற்றையடிப் பாதையும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக வராது, பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் பஸ்ஸில் வந்து எங்கள் நிறுத்தத்தில் இறங்கினால் கடல் தெரியாது. ரோடு மேட்டில் கிடக்கிறது. கடல் கீழே, தென்னைகளுக்கு அப்பால், இரண்டு பாறைகளுக்கு நடுவே சின்ன மணற்கரையோடு ஒதுங்கியிருக்கிறது. இறங்க இரண்டு வழி. ஒன்று, ஹோட்டல்காரர்கள் போட்ட தார்ச்சாலை. விமானத்தில் வருகிறவர்கள் காரிலேயே மணல் வரைக்கும் போய்விடுவார்கள். மற்றது, சரிவில் படி வெட்டிய ஒற்றையடிப் பாதை. என் வீட்டுக்காரர் கரையில் தையல்கடை வைத்து வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள காற்சட்டை தைத்த காலமெல்லாம் அதில்தான் இறங்கி ஏறினார். அவர் சாம்பலையும் அந்தக் கடலில்தான் கரைத்தோம். கர்க்கடக அமாவாசைக்கு, நம்ம ஆடி அமாவாசைக்கு, இங்கே பெண்களும் கடற்கரையில் பிண்டம் வைப்பார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், நானே வைக்கிறேன்.

போன வருஷம் ஹோட்டலிலிருந்து சத்தமில்லாத பேட்டரி வண்டி ஒன்றை எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர்க்காரர்களைத் தார்ச்சாலை வழியாகக் கடற்கரைக்குச் சும்மாவே கொண்டுபோய் விடுமாம்.

“அம்மே, கேறிக்கோ. பைசா ஒண்ணும் வேண்டா,” என்றார் ஓட்டுகிறவர்.

“வேண்டாம் மக்களே, நடந்துக்கிடுவேன்.”

உள்ளே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “யக்கா, ஓசில வண்டி விடுதான், அதுக்கும் சந்தேகமா? ஒங்களக் கடத்திட்டுப் போயி அவனுக்கு என்ன கிட்டப்போவுது?”

எனக்கு மனசு உறுத்தியது. எல்லாரும் வண்டி ஏறினால் பாதையைப் புல் மூடும். யாரும் நடக்காத வழிதானே என்று ஒருநாள் கம்பி போடுவார்கள். அப்புறம் என் வீட்டுக்காரருக்குச் சோறு வைக்க, ஹோட்டல் கேட்டில் நின்று அனுமதி கேட்கணும்.

அமாவாசையன்று காலையில் மழை. தெருவே வண்டியில் போனது. நான் சோறும் எள்ளும் வாழையிலையும் எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். பாதி வழியில் தாழை முள்ளாகக் குவிந்து கிடந்தது. கீழே நின்ற ஹோட்டல் காவலாளி, “காத்தில விழுந்ததாணு அம்மே,” என்றார். காற்று அரிவாள் பிடிக்குமா? ஒவ்வொரு தண்டும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. அவரிடம் கேட்கக் கூச்சம்.

குடையை மடக்கி, கைப்பிடியால் கொளுவி ஒவ்வொன்றாக இழுத்தேன். கரையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, ஈரச் சேலையோடு ஏறி வந்து அந்தப் பக்கமிருந்து இழுத்தாள். ஒரு தண்டைத் திருப்பிப் பார்த்தாள். “காத்தாம்லா காத்து!” என்றாள், காவலாளிக்குக் கேட்கும்படி. பிறகு என்னிடம், “அத்தான் நடந்த வழில்லா இது, அவரு வண்டி ஏற மாட்டாருன்னு முன்னமே சொல்லப்பிடாதா யக்கா?”

பிண்டம் வைத்து ஈரக்கையைத் தட்டினேன். காகங்கள் வந்தன.

வண்டி இன்னும் வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் தினமும் பாதையில் நடக்கிறோம். இப்போது அந்தக் காவலாளி எங்களைக் கண்டால் எழுந்து கும்பிடுகிறார். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

நான் சொன்ன பஸ், பாறை, வழி எல்லாம் சரிதானா என்று யாராவது ஒத்துப் பாருங்கள். வீட்டிலிருந்தபடி பார்க்க வேண்டாம். அந்தப் பாதையில் இறங்கிப் பாருங்கள்.