மேவிஸ் யாருக்கு ஓட்டுப் போட்டாள்

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மேவிஸ் போப்ஜாய்க்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. வியாழக்கிழமைதோறும் வெதர்கோம் சந்தையில் முட்டை விற்கிறவள் அவள். அங்கே கைக்கு எப்போதும் வேலை இருக்கும். இங்கே, விளையாட்டுக் கூடத்தில், ஓட்டு எண்ணும் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். எதையும் தொடக் கூடாது.

மாவட்ட மன்றத் தேர்தலில் அவள் நின்றது கழிப்பறைக்காக. சந்தைத் திடலின் பொதுக் கழிப்பறையை மன்றம் பூட்டி இரண்டு வருஷமாகிறது. வயதானவர்கள் சந்தைக்கு வருவது குறைந்துபோனது. வந்தவர்களும் ஒரு டீ குடிக்கப் பயந்தார்கள். யாராவது தேர்தலில் நிற்க வேண்டும் என்று சந்தையே சொன்னது, ஒருவரும் நிற்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற மேவிஸ் எப்படியோ நின்றுவிட்டாள். கட்சி கிடையாது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "மன்னிக்கணும், கழிப்பறை விஷயமா வந்தேன்" என்பாள்.

"அதுக்கென்ன, உள்ள வாங்க. மாடியில இடதுபக்கம்" என்று வழி காட்டியவர்களும் உண்டு.

எதிரே நின்றவர் கிளைவ் ஆன்ஸ்டி. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், இருபது வருஷ உறுப்பினர். மேவிஸின் கோழிகளுக்குச் சளி பிடித்தால் இன்றைக்கும் வந்து பார்ப்பார். ஆனால் கழிப்பறைப் பேச்சு வந்தால் செலவு, செலவு என்பார். மற்ற தொகுதிகளின் முடிவுகள் காலையிலேயே வந்துவிட்டன. திறக்க வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மன்றத்தில் சரிபாதி. பூட்டு திறக்குமா என்பது இந்த ஒரு இடத்தில் நின்றது.

எண்ணுகிற பெண்கள் விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். இரண்டு வரிசையும் ஒரே உயரத்துக்கு வளர்ந்தன. கடைசியில் சந்தேகச் சீட்டு ஒன்று மிஞ்சியது. யாரோ மேவிஸின் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போடாமல் ஒரு கோழியை வரைந்திருந்தார்கள்.

தேர்தல் அதிகாரியம்மா அதை இருவருக்கும் காட்டினார். ஆன்ஸ்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்ல முட்டையிடுற கோழி. சந்தேகமே இல்ல, இது அவங்க ஓட்டுதான்."

அந்தக் கோழியையும் சேர்த்ததும் இருவருக்கும் ஓட்டு சமமாகிவிட்டது. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் சமம்.

மேவிஸின் முகம் வெளுத்ததை அவள் கணவன் டெரிக் பார்த்துவிட்டான்.

"ஏன் இப்படி ஆயிட்ட? நீ உனக்குத்தான போட்ட?"

மேவிஸ் தரையில் போட்டிருந்த கூடைப்பந்துக் கோட்டைப் பார்த்தாள்.

"மேவிஸ்?"

"அவருக்குப் போட்டேன்."

"என்னது!"

"கத்தாத. என் பேருக்கு நானே குறி போட்டுக்கிறதா? கூச்சமா இருந்துச்சு. தட்டுல கடைசி பிஸ்கட் இருந்தா நீயே எடுத்துக்குவியா?"

"எடுத்துக்குவேன்."

"நீ எடுப்ப."

தனக்கே போட்டிருந்தால் இந்நேரம் ஜெயித்திருப்பாள். ஒரு சின்ன மரியாதைக்காக ஊர்க் கிழவர்களின் டீயைத் தட்டிவிட்டோமே என்றிருந்தது.

ஆன்ஸ்டி மெல்லப் பக்கத்தில் வந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"மிஸஸ் போப்ஜாய், டெரிக் போட்ட சத்தம் கேட்டுச்சு. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

"எனக்கா!"

"இருபது வருஷமா எதிராளிக்குத்தான் போடுறேன். நமக்கு நாமே போட்டுக்கிறது நல்லாவா இருக்கு?"

டெரிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க ரெண்டு பேருக்கும் ஓட்டுரிமை குடுத்ததே தப்பு" என்றான். மேவிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆன்ஸ்டியும் சிரித்தார். அதிகாரியம்மா இருமிக்காட்ட வேண்டியதாயிற்று.

சமமானால் சீட்டுக் குலுக்கல்தான், சட்டம் அது. குலுக்கப் பெட்டி இல்லை. எண்ணும் பெண்களின் பிஸ்கட் டப்பாவைக் கேட்டார்கள். மிச்சமிருந்ததை ஆளுக்கொன்றாக அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். இரண்டு பெயர்கள், இரண்டு மடிப்பு. அதிகாரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். தூளை உதறிவிட்டுப் பிரித்தார்.

"மேவிஸ் போப்ஜாய்."

சந்தைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு சாய்ந்தே விட்டது. மீன்காரர் விசிலடித்தார். டெரிக் அவளை எல்லார் முன்னாலும் தூக்கிவிட்டு உடனே வெட்கப்பட்டு இறக்கினான். முதலில் கை கொடுத்தவர் ஆன்ஸ்டி.

"போய்ப் பேசுங்க. ஜெயிச்சவங்க பேசணும், வழக்கம்."

மேடை என்பது மூன்று படி. மேவிஸ் ஏறினாள். கைக்கு ஏதாவது வேண்டுமே என்று காலி பிஸ்கட் டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கூடம் அமைதியானது. எல்லா முகமும் அவளைப் பார்த்தன. யோசித்து வைத்திருந்த நன்றியுரையில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. பழகிய வாய் தானாகத் திறந்தது.

"மன்னிக்கணும்," என்றாள் மேவிஸ், "கழிப்பறை விஷயமா வந்தேன்."