சூசையப்பரும் கிரைண்டர் பலகையும்

எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஒரு வருடமாக என் மனைவியைக் கடித்துக்கொண்டிருந்தது. "தொட்டா சுறுசுறுங்குதுங்க" என்பாள். "எம் மேல உள்ள கோவத்தை அதுகிட்ட காட்டுற, அது திருப்பிக் காட்டுது" என்பேன். காரைக்குடியிலேயே பெரிய நகைச்சுவையாளன் நான்தான் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் டெஸ்டரோடு சோதிக்கவும் போனேன். தரை ஈரமாயிருந்ததால், அவள் வழக்கமாக நின்று மாவரைக்கும் மரப்பலகை மேல் ஏறிக்கொண்டு தொட்டேன். டெஸ்டர் எரிந்தும் எரியாமலும் மினுங்கியது. "ஒண்ணுமில்லை, உன் பிரமை" என்று தீர்ப்புச் சொல்லி இறங்கினேன்.

அவள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டாள். சாக்கோட்டையிலிருந்து மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மெயின் பலகையில் ஈ.எல்.சி.பி. என்ற சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்த வைத்தாள்.

"கரண்டு ஆளு வழியா கசிஞ்சா இது டக்குனு விழுந்துரும்ணே. விழுந்தா எதனாலன்னு பாருங்க, சும்மா தூக்கித் தூக்கி விடாதீக. கிரைண்டரையும் ஒரு பார்வை பாத்துறவா?"

"அதெல்லாம் நானே பாத்துட்டேன்" என்றேன்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடியில் வைக்க வாகான பலகை தேடினேன். கிரைண்டர் பலகை கச்சிதமாக இருந்தது. அதன்மேல் வைக்கோல் பரப்பி, காகித மலை கட்டி, நானே கோத்த சீரியல் விளக்கைச் சுற்றினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. அவள் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவரைத்துக்கொண்டிருந்தாள். நான் குடிலை ரசித்துக்கொண்டிருந்தேன். டக்! விளக்கு, மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

என் சீரியல் விளக்கு வெடித்துவிட்டது, வைக்கோல் பற்றப்போகிறது, வீடே எரியப்போகிறது என்று முடிவு கட்டினேன். குடிலில் கைக்கு அகப்பட்ட சூசையப்பர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். பவனி என்று நினைத்திருப்பார்.

புகையும் இல்லை, தீயும் இல்லை. திரும்பி வந்தேன். மாவுக் கையோடு நின்றவள் கேட்டாள்: "சூசையப்பரைக் காப்பாத்திட்டீக. நான் உள்ள கெடக்கலாமாக்கும்?"

பெட்டியின் விசையைத் தூக்கிவிட்டேன். கிரைண்டர் சுற்றியது. சற்று நேரத்தில் டக். சீரியல் விளக்கைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். மறுபடி டக். "சுருக்குனு இழுக்குதுங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இரு, இந்தப் பெட்டிதான் சனியன்" என்று மூன்றாம் முறையும் தூக்கினேன். அதுவும் விழுந்தது. பெட்டியை ஒதுக்கி நேராகக் கம்பி கொடுத்துவிடுவோம் என்று திருப்புளியைக் கையில் எடுத்தேன்.

அவள் மெயின் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "போட்டவரைக் கூட்டிட்டு வாங்க மொதல்ல. அதுவரைக்கும் மாவு ஊறட்டும்."

நல்லவேளை, நான் பொண்டாட்டிக்குப் பயப்படுகிறவன். ஸ்கூட்டரை எடுத்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து அடுப்படித் தரையைத்தான் முதலில் பார்த்தார். "அன்னைக்கு நான் வந்தப்ப இங்க கெடந்த பலகை எங்கக்கா?"

"ஏசு பொறக்குற மாட்டுத்தொழுவத்துக்குக் குடுத்துட்டாருப்பா."

அவர் விசையைத் தூக்கிவிட்டு, ஒரு கம்பியின் ஒரு முனையை எர்த்தில் கட்டி, மறு முனையை, யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் உடம்பில் வைத்தார். டக்.

"இப்பத் தொட்டது கம்பி. காலையில தொட்டது அக்கா, பலகை இல்லாம வெறுந்தரையில நின்னு. அம்புட்டுத்தான் வித்தியாசம்." பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். "மூணு முள்ளு பிளக்கை வெட்டிட்டு ரெண்டு முள்ளு மாட்டுன புண்ணியவான் யாரு? கசியிற கரண்டு எர்த்துக்குப் போக வழியே இல்லையே."

சுவரில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. மூன்றாவது முள் எதற்கு என்று வெட்டியது நான்தான். தரையில் உட்கார்ந்தேன். மூன்று தடவை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அந்தச் சனியன் விழுந்திருக்கிறது.

அவர் சுவரிலும் கிரைண்டரிலும் மூன்று முள் மாட்டினார். உள்ளே தோல் உரிந்திருந்த கம்பியை மாற்றினார். பலகையை நான் குடிலுக்கு அடியிலிருந்து உருவப் போனபோது அவள் தடுத்தாள். "இருக்கட்டும். அதுல நின்னு நின்னுதான இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சு."

பெட்டியில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் பிறந்தால் அதை அவள்தான் அமுக்குவாள். டக்கென்று விழும். நான் ஒவ்வொரு முறையும் துள்ளுவேன். "சூசையப்பர் அங்குட்டு இருக்காரு, தூக்கிட்டு ஓடுங்க" என்பாள்.

நான் ஓடுவதில்லை. அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விசையைத் தூக்குகிறேன்.