சுதன்ரை ஹெட்செட்

இண்டைக்குப் பின்னேரம் கரவெட்டிக்குப் போனனான். போன வருசம் செத்துப்போன என்ரை சிநேகிதன் சுதன்ரை வீடு.

"தம்பி, கனடாவிலை இருக்கிற மகளோடை லப்டொப்பிலை கதைக்கேக்கை, ஆறு மணியானால் சத்தம் நிண்டுபோகுது" எண்டு அவன்ரை அம்மாதான் கூப்பிட்டவா.

சுதன்ரை லப்டொப், லினக்ஸ்தான். கறுப்புத் திரையைத் திறந்து bluetoothctl எண்டு அடிச்சன். புளூடூத்திலை இணைச்ச சாமான்களின்ரை பட்டியல் வந்தது. அதிலை ஒரேயொரு ஹெட்செட். அதுக்குத் தன்ரை பேரையே வைச்சிருக்கிறான்.

"இந்த ஹெட்செட் எங்கை அம்மா?"

"முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அண்டு அவன்ரை குடை, செருப்போடை அதையும் ஐயருக்குத் தானமாக் குடுத்திட்டம். உந்த வேலிக்கு அங்காலைதான் அவரின்ரை வீடு. பின்னேரத்திலை அதைப் போட்டுத் தேவாரம் கேக்கிறவர்."

பிடிபட்டிட்டுது. ஐயர் அங்கை ஹெட்செட் சுவிச்சைப் போட, லப்டொப் தன்பாட்டிலை அதோடை இணைஞ்சு, இஞ்சை மகளின்ரை சத்தம் வேலி தாண்டிப் போயிடுது.

"remove எண்டு ஒரு சொல் அடிச்சால் சரி அம்மா. அந்தப் பேர் அழிஞ்சிடும்."

அடிக்கத் தொடங்கினன். திரையின்ரை மூலையிலை எழுத்து வந்தது: "சுதன் இணைந்தது."

ஆறு மணி.

அம்மா என்ரை கையைப் பிடிச்சா.

"அதை அப்பிடியே விடு தம்பி. அவன் வேலையாலை வாற நேரமும் உதுதான்."

நான் அழிக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டன்.

லினக்ஸ் தெரிஞ்ச ஆக்களே, மகள் கதைக்கிறதும் அம்மாவுக்குக் கேக்கவேணும், ஆறு மணிக்குச் சுதனும் வரவேணும். அதுக்கு என்ன அடிக்கிறது?