ஸ்டுட்கார்ட் படிக்கட்டில் ஒரு ‘மதி’

ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்க வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை கதவைத் திறந்தால், கைப்பிடியில் சின்ன மரப்பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒற்றை வார்த்தை: ‘கேர்வோகே’. புதிதாகக் குடிவந்தவளுக்கு வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். படம் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். “கொள்ளாம்லா மோளே! போன உடனே உனக்குப் பலகை மாட்டிட்டாங்களே” என்று குரல் பதிவு வேறு அனுப்பினார்.

பக்கத்துக் கதவு ஃப்ராவ் ஷூஸ்டருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், மருத்துவமனையில் செவிலியர். மறுநாள் படியில் என்னைப் பார்த்ததும் பலகையைச் சுட்டிக்காட்டி, “கேர்வோகே” என்றார். இது இந்த ஊர் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் சிரித்தபடி “கேர்வோகே!” என்றேன். அதற்கடுத்த நாள் அவர் இன்னும் அழுத்திச் சொன்னார். நான் இன்னும் அன்பாகப் பதில் சொன்னேன். வியாழக்கிழமை ரொட்டிக்கடைப் பெண்மணியிடமும் “கேர்வோகே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, “யா, யா” என்றார். ஊரில் இரண்டு நிலை ஜெர்மன் பாடம் முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அதில் இந்த வார்த்தை இல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை, என்னோடு படிக்கும் ஈரானியப் பெண் ஷிரீன் ஒப்படைப்பு வேலைக்காக அறைக்கு வந்தாள். பலகையைப் பார்த்தவள் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். “இந்த வாரம் படிக்கட்டைச் சுத்தம் பண்ண வேண்டியது நீ. வாரா வாரம் இது வீடு வீடாப் போகும். நீ பண்ணினியா இல்லியா?” என்றாள்.

எனக்கு முகமெல்லாம் சூடானது. சோம்பேறி என்று பெயரெடுப்பதை எங்கள் வீட்டில் யாரும் தாங்க மாட்டோம். அப்பாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. வலியசாலையில் இத்தனை வருடம் இருந்தும் அம்மாவுக்கு ஒரு பயம் விட்டதில்லை. சனிக்கிழமை தோறும் வாசற்படியில் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டித் தேய்ப்பாள். போதும்மா, தெருவே நனைந்துவிட்டது என்று சொன்னால், “நாம வந்து கேறுனவங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிரப்பிடாது, கேட்டியா” என்பாள். அவள் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. பள்ளியில் நான் எத்தனை நன்றாக மலையாளம் எழுதினாலும் ‘தமிழத்தி’தான்.

ஆகவே சனிக்கிழமை காலை அம்மாவின் மகளாகவே களத்தில் இறங்கினேன். ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மூன்றாம் மாடியிலிருந்து கொட்டினேன். அந்தப் பழைய வீட்டின் படிகள் மரத்தாலானவை என்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. தண்ணீர் உற்சாகமாக இறங்கிப் போயிற்று. இரண்டாவது வாளியைத் தூக்கும்போது பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஃப்ராவ் ஷூஸ்டர், “நைன்! நைன்!” என்று தடுத்துக் கத்தினார். வாளி என் கையில் சரிந்தது. அவர் இரண்டு கையையும் விரித்து அலறினார்:

“மதி! மதி!”

மலையாளத்தில் ‘போதும்’. ஸ்டுட்கார்ட்டில், ஒரு ஜெர்மன்காரி வாயிலிருந்து! யோசிக்காமல் என் வாயும் பதில் சொன்னது. “மதியோ, சேச்சீ?”

அதற்குள் தரைத்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி மேலே ஏறி வந்துவிட்டார். அந்த அறைக்காக எத்தனை பேருக்கு எழுதி, எத்தனை பேர் முன்னால் நேர்காணல் போல உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். மறுபடியும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். ஃப்ராவ் ஷூஸ்டர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“பத்து வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் படியைத் துடைப்பத்தால தடவிக்கொடுத்துட்டுப் போறாங்க. கழுவினது இவ ஒருத்திதான்.”

வீட்டுக்காரர் ஷூவைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மரம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய துண்டுகள். மூவரும் முழங்காலிட்டு ஆளுக்கொரு தளமாகத் துடைத்தோம். ஃப்ராவ் ஷூஸ்டர் அன்று வேலைக்கு அரைமணி நேரம் தாமதம்.

மறுநாள் தன் சமையலறையில் காப்பி கொடுத்தார். அவருடைய வார்டில் பாதிப் பேர் கேரளத்துச் செவிலியர்கள் என்றார். காப்பி ஊற்றும்போது அவர்கள் சொல்லிச் சொல்லி ‘மதி’ பழகிவிட்டதாம்.

“அப்போ நீயும் மலையாளி?”

“இல்லை. தமிழ்.”

“ஓ, தமிழ்நாடு.”

“இல்லை. கேரளம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். ஊரில் என்னைத் தமிழ் என்பார்கள்; இங்கே தமிழ் மாணவர் கூட்டத்தில் ‘ரொம்பத் தணுப்பா இருக்கு’ என்று குளிரைச் சொன்னதும், கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் “நீங்க மலையாளிங்களா?” என்று கேட்டுவிட்டான். ஃப்ராவ் ஷூஸ்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் பத்து வயதில் ருமேனியாவிலிருந்து வந்தவராம். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தும் அவர்கள் ‘ஜெர்மன்காரர்கள்’. இங்கே வந்து வகுப்பில் உட்கார்ந்த முதல் நாளே அவர் ‘ருமேனியக்காரி’.

“ராத்திரியெல்லாம் ரயில்ல வந்தோம். எந்த இடத்துல நான் மாறினேன்னு எனக்கு இன்னும் தெரியலை” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எழுந்து போய் ஜன்னலை மூடினார்.

இது என் இரண்டாம் வருடம். வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் என்ன கொண்டு போகலாம் என்று கேட்கிறார்கள். கம்பளிச் சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். மற்றதைப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை வகுப்புக்கு டிராமில் போகும்போது அம்மா வீடியோவில் அழைத்தாள். “மழை காணணுமா?” என்று கேட்டு, போனை வலியசாலைத் தெருப் பக்கம் திருப்பினாள். நான் ஜன்னலோரம் இருந்தேன். வெளியே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்கள் வெயிலில் ஓடின. அவற்றின் பிம்பம் என் போன் கண்ணாடியில், அம்மா காட்டிய தெருவின் மேலேயே விழுந்தது. நனைந்த தெருவில் குடையோடு ஒருவர் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நடந்து போனார். “கண்டியா மோளே?” என்றாள் அம்மா. கண்டேன் என்று சொல்வதற்குள் டிராம் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. மழையும் தோட்டமும் சேர்ந்தே அணைந்தன. கறுத்த கண்ணாடியில், ஏதோ சொல்ல வாய் திறந்தபடி என் முகம் மட்டும் இருந்தது.