நான் ஒளித்து வைத்த லினக்ஸ் புத்தகம்

வேலூரில் நான் தமிழ் இலக்கியம் படித்த கல்லூரியில், கணினிகளிலிருந்து விண்டோஸை நீக்கி லினக்ஸை நிறுவிய ஆண்டு அது. புதியதை முதலில் கற்றுக்கொள்பவருக்கே துறை இதழை வடிவமைக்கும் பொறுப்பு என்றார் பேராசிரியர். அந்தப் பொறுப்பை நான் மிகவும் விரும்பினேன். ஆனால், விண்டோஸில் பழகிய 'சி டிரைவ்' இதில் எங்கே என்று தெரியாமல், என் கோப்புகளைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் திணறினேன். ஆம்பூரிலிருந்து ரயிலில் வரும் வகுப்புத் தோழி நஸ்ரீனோ, ஒரே வாரத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிட்டாள். அவளைச் சுற்றி எழும் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் புகைந்தது.

விண்டோஸ் பழகியவர்களுக்கான லினக்ஸ் நூல் ஒன்றே ஒன்றுதான் நூலகத்தில் இருந்தது. அவள் தினமும் அதைப் படித்துவந்தாள். ஒரு பிற்பகல், எவரும் தொடாத இலக்கண உரைகளுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தேன். நானும் அதைப் படிக்கவில்லை. அவளுக்குக் கிடைக்காததே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுவாரம் நஸ்ரீன் என் மேசையில் சில நகல் தாள்களை வைத்தாள். இடப்பக்கம் விண்டோஸில் செய்வது, வலப்பக்கம் அதையே லினக்ஸில் செய்யும் முறை. எல்லாம் அவள் கையெழுத்து.

"புக்கக் காணோம்டி. படிச்ச வரைக்கும் எழுதிட்டேன். மொதப் பக்கம் உனக்கோசரம்தான்."

முதல் வரி: 'சி டிரைவ் எங்கே?'

"நீ அதத் தேடித் தேடிப் பேஜாரானதப் பாத்தேன். வாயத் தொறந்து யாரையும் கேக்க மாட்டியே!" என்று சிரித்தாள்.

அன்று மாலையே நூலை அதன் இடத்தில் வைத்தேன். இதழ்ப் பொறுப்பு அவளுக்கே கிடைத்தது. அப்போதும் எனக்கு வலித்தது. ஒளித்தவள் நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.